இடர்க்காலத்து வீட்டுதவியும் நம் கடமையும்

(சென்னீர்குப்பத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் காவியச் சுவையோ இலக்கண நுட்பமோ பேசுவான் என்று அவையோர் எதிர்பார்ப்பது இயல்பே. எனினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வெள்ளத்தாலும் புயலாலும் நிலநடுக்கத்தாலும் வீடிழந்தார்க்கு அரசாங்கத்தார் அளிக்கும் உதவி யாது, அது யாரை எய்துகின்றது, யாரை எய்தாமற் போகின்றது, அதன்பால் நாம் செய்யக் கடவது யாது என்பவையே இன்று ஆராயப்படும். இஃது உலர்ந்த பொருள் என்று எண்ணாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் நள்ளிரவில் எழுந்து வாயிற்படியில் நீரின் மட்டம் பார்த்தவர்கள் இவ்வவையில் பலர் இருக்கின்றீர்கள். அவர்கட்கு இதனினும் ஈரமான பொருள் வேறில்லை.

இலக்கணத்தை அறவே விட்டுவிட எமக்கும் மனமில்லை. ஆதலின் ஒரு சொல்லோடு தொடங்குவோம். 'வீடு' என்பது 'விடு' என்னும் பகுதியினின்று பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். பகலெல்லாம் உழைத்தவன் தன் சுமையை விட்டு இளைப்பாறும் இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பர். பிறவித் துன்பத்தினின்று விடுபடுதலுக்கும் அதுவே பெயர். இனி, 'கேடு' என்னும் சொல்லும் 'கெடு' என்பதனின்று அதே விதியால் பிறந்ததே. வீடும் கேடும் ஒரே விதியில் அமைந்த சொற்கள்! ஓரிரவு மழையில் வீடு கேடாவதைக் கண்ட நமக்கு இவ்வொற்றுமை வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றாது.

நம் ஊரின் இருப்பை நோக்குங்கள். பூவிருந்தவல்லியினின்று ஆவடிக்குச் செல்லும் வழியில் அமைந்தது சென்னீர்குப்பம். வடபால் கூவம் ஆறு ஓடுகின்றது. தென்மேற்கே சில கல் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கின்றது. அதன் உபரிநீர் அடையாற்றுக்குச் செல்வது. இவ்விரண்டுக்கும் இடையே முன்னோர் வெட்டிவைத்த ஏரிகளும் குளங்களும் கால்வாய்களும் பல. அவற்றுள் எத்தனை இன்று தூர்ந்தன, எத்தனை மனைகளாயின என்பதை மூத்தோர் அறிவர். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. மறந்தவர்கள் நாமே.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாளும் அதனை அடுத்த இரவும் பெய்த மழையை யாரும் மறந்திரார். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. ஏரியினின்று திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கனஅடி அளவினை எட்டியது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. கூவமும் பெருக்கெடுத்துக் கரையோரக் குடிசைகளை வாரிச் சென்றது. ஏரியை எப்போது எவ்வளவு திறந்திருத்தல் வேண்டும் என்னும் வினாவை இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையும் பின்னர் ஆராய்ந்தது. அவ்வழக்கினுள் யாம் இன்று புகுகின்றிலோம். நீர் வடிந்த மறுநாள் காலை என்ன நிகழ்ந்தது என்பதே எம் பொருள்.

அப்போது தமிழக அரசாங்கத்தார், குடிசை இழந்தார்க்கு 10,000 ரூபாயும், நீர் புகுந்த நிலையான வீடுகளில் வாழ்ந்தார்க்கு 5,000 ரூபாயும், அவற்றுடன் 10 கிலோ அரிசியும் வேட்டி சேலையும் வழங்குவதாக அறிவித்தனர். பணம் வங்கிக் கணக்கின் வழியே செலுத்தப்பட்டது. வெள்ளத்தில் இழந்த பட்டா, சான்றிதழ், குடும்ப அட்டை முதலியவற்றுக்குக் கட்டணமின்றி மறுபடி பெற டிசம்பர் 14-ஆம் நாள் முதல் சிறப்பு முகாம்கள் நடத்தப்பட்டன. மாணவர்கட்குப் புதிய பாடநூல்கள் தரப்பட்டன. எட்டாண்டு கழித்து, 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் திருவள்ளூர் முதலிய மாவட்டங்களையும் மூழ்கடித்தபோது, குடும்பம் ஒன்றுக்கு 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகளின் வழியே கையில் வழங்கப்பட்டது. சேதமடைந்த குடிசைக்குரிய தொகை 5,000 ரூபாயினின்று 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இவ்வுதவிகளை எளியனவாக எண்ணற்க. அடுப்பு அணைந்த வீட்டில் ஒரு வாரம் உலை ஏற்றுவதற்கு அத்தொகை போதும். ஆயினும் இடிந்த சுவரை எழுப்ப அது போதாது. பசிக்கு உதவும் நிவாரணம் வேறு. வீட்டை மீட்டெழுப்பும் உதவி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான், 6,000 ரூபாய் பெற்றவர் 'வந்தது வந்துவிட்டது' என்று அமைந்துவிடுகின்றனர். தமக்குரிய மற்றைய உதவி ஒன்று உண்டு என்பதையே அறியாது போகின்றனர்.

அவ்வுதவி யாது? 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் மீட்பு நிதி ஒன்று உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அதன் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசாங்கமும் 25 பங்கை மாநில அரசாங்கமும் இடுகின்றன. எவ்விழப்புக்கு எவ்வளவு என்பதற்கு விதிமுறைப் பட்டியல் ஒன்று வகுக்கப்படுகின்றது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பெற்ற பட்டியலில், சமவெளியில் முற்றும் இடிந்த, அல்லது மிகக் கடுமையாகச் சிதைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். ஓரளவு சிதைந்த கல்வீட்டுக்கு 6,500 ரூபாய். மண்வீட்டுக்கு 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். மாட்டுக் கொட்டகைக்கு 3,000 ரூபாய் என்று குறிக்கப்பட்டது. துணிமணி இழப்புக்கு 2,500, பாத்திரபண்டங்களுக்கு 2,500 என்பனவும் இருந்தன.

இப்பட்டியலைச் சற்று ஊன்றிப் பாருங்கள். முற்றும் இடிந்த வீட்டுக்கும் ஓரளவு சிதைந்த வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு எத்துணை! ஒன்றுக்கு 1,20,000, மற்றொன்றுக்கு 6,500. பாதி இடிந்த வீட்டுக்காரன் எவ்வகையைச் சேர்ந்தவன்? வந்து பார்க்கும் அலுவலரின் ஒரு சொல்லில் அவன் வாழ்வு தொங்குகின்றது. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின்னர்க் கேரள அரசாங்கத்தார் இக்குறையை உணர்ந்து, சிதைவைப் பல படிகளாகப் பகுத்து, சிறு சிதைவுக்கு 10,000 ரூபாய் முதல், முற்றும் அழிந்த வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் வரை படிப்படியாக வழங்கினர். நம் நாட்டிலும் அத்தகைய படிமுறை வேண்டும் என்பது எம் கருத்து.

இன்னும் ஒன்று. அவ்விதிமுறையிலே ஒரு நிபந்தனை உண்டு. உதவி பெறும் வீடு, உரிய அதிகாரியால் சான்றளிக்கப்பெற்ற, ஒப்புதலுடைய கட்டடமாக இருத்தல் வேண்டும் என்பதே அது. எளிய சொற்கள்தாம், எனினும் எத்தனையோ குடும்பங்கள் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுவது இச்சொற்களாலேயே. மழை வீட்டின் மேல் பெய்கின்றது. உதவியோ தாளின் மேல் இறங்குகின்றது. தாளில் இல்லாத வீடு, இடிந்தாலும் இடிந்ததாகக் கணக்கில் ஏறுவதில்லை. நண்பர்களே, இன்றைய எம் பேச்சின் உயிர்நிலை இதுவேயாகும்.

அதற்கு வருமுன், பிற இடங்களில் இடர்ப்பட்டோர் எவ்வாறு வீடு பெற்றனர் என்பதைச் சிறிது காண்போம். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் மராட்டிய நாட்டு லாத்தூர்ப் பகுதியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். கடுமையாக அழிந்த 52 ஊர்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. ஒப்பந்தக்காரர்களும் தொண்டு நிறுவனங்களும் நகரத்துக் குடியிருப்பைப் போல நேர்க்கோட்டுத் தெருக்களில் வீடுகளைக் கட்டிக் கொடுத்தனர். வீடு கிடைத்தது, ஆயினும் பழைய உறவுமுறைத் தெருவும், மாடு கட்டும் முற்றமும், மாலையில் பெண்கள் கூடும் திண்ணையும் கிடைக்கவில்லை என்னும் குறை நெடுநாள் இருந்தது.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் கட்ச் பகுதி நடுங்கிற்று. 13,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கே வேறொரு முறை கையாளப்பட்டது. பெரும்பாலானவர்க்கு வீட்டுக்குரிய பணமே தவணை தவணையாக அவரவர் வங்கிக் கணக்கில் இடப்பட்டது. கடைக்கால் முடிந்ததா, சுவர் நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கட்டப்பட்டதா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சான்றளித்த பின்னரே அடுத்த தவணை. கொத்தர்கட்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. தன் வீட்டைத் தானே நின்று கட்டுகின்றவன் சிமெண்டில் மணலை மிகுத்துக் கலக்க ஒருப்படுவானோ? சில ஆண்டுகளில் ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் அங்கு மீண்டும் எழுந்தன. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரால் வீடிழந்த நம் தமிழ் மக்களுக்கு இந்திய அரசாங்கம் ஏறத்தாழ 46,000 வீடுகளுக்கு உதவியபோதும், பெரும்பாலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. வீடு ஒன்றுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது.

நம் தமிழ்நாட்டின் பேரனுபவம் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையே. ஏறத்தாழ 8,000 உயிர்கள் நம் கரையில் மாய்ந்தன; அவற்றுள் 6,000-க்கு மேற்பட்டவை நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சார்ந்தவை. பேரலை வந்த மூன்று வாரத்திற்குள்ளேயே, 2005 ஜனவரியில், வீட்டு மறுகட்டுமானத்திற்கான ஆணை பிறந்தது. தொண்டு நிறுவனங்களோடு இணைந்து, ஏறத்தாழ 325 சதுர அடியில், 1,50,000 ரூபாய் மதிப்பில் வீடு கட்டித் தருவதென்றும், வீட்டின் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் அமைதல் வேண்டும் என்றும், பத்தாண்டு காப்பீடு செய்தல் வேண்டும் என்றும் அவ்வாணை கூறிற்று. மனைவியின் பெயரும் உரிமையில் ஏறியது பெருஞ்செயல். அதுவரை தாம் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒரு சுவருக்கேனும் உரிமை பெறாதிருந்த மீனவப் பெண்டிர் பலர், முதன்முறையாகத் தம் பெயர் தாங்கிய தாளைக் கையில் வாங்கினர். அதேபோழ்து, கடலுக்கு 200 மீட்டருக்குள் இருந்து பெயர மறுத்தோர் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்துக் கொள்ளலாம். அரசாங்க உதவி இல்லை என்னும் விதியும் எழுந்தது. கடலைக் கண்ணால் காணாமல் வலை எப்போது வீசுவது என்று அறியாத தொழிலாளிக்கு, இது வீட்டுக்கும் பிழைப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள் என்று சொல்வதாயிற்று.

இதே இக்கட்டு நம் கூவக் கரையிலும் நிகழ்ந்தது. 1970-இல் தோன்றி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியத்தார், 2015-இன் வெள்ளத்திற்குப் பின்னர், ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் முதலிய இடங்களிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசென்றனர். ஆற்றின் வயிற்றில் குடியிருப்பது ஆபத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்தது. 2015-இல் அப்பகுதியும் நீரில் தத்தளித்தது. கோயம்பேட்டில் மூட்டை சுமந்தவனும், அண்ணாநகரில் வீட்டு வேலை செய்தவளும் நாள்தோறும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணஞ்செய்ய நேர்ந்தது. நடுப் பள்ளியாண்டில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுள் படிப்பை விட்டவர் உண்டு. வீடு கொடுப்போர் வேலைக்கும் பள்ளிக்கும் உள்ள வழியையும் உடன் கொடுத்தாலன்றி அக்கொடை நிறைவுறாது.

இவற்றால் நாம் கற்பன மூன்று. முதலாவது, இருந்த இடத்திலேயே பாதுகாப்பாகக் கட்ட இயலுமாயின் அதுவே நன்று. பெயர்த்தல் வேண்டுமாயின் அண்மையில் பெயர்த்தல் நன்று. இரண்டாவது, பணத்தைத் தவணையாகக் கொடுத்து, மேற்பார்வையும் கொடுத்து, வீட்டுக்காரனையே கட்டச் செய்தால் வீடு உறுதி பெறும். மூன்றாவது, உரிமைத்தாள் இருவர் பெயரிலும் இருந்தால் குடும்பம் உறுதி பெறும்.

முதலிரண்டும் அரசாங்கத்தார் கையில் உள்ளன. வேண்டுகோள் விடுப்பது மட்டுமே நம்மால் ஆவது. மூன்றாவதோ நம் கையில் உள்ளது. இங்கேதான் உங்கள் உள்ளத்திற்குச் சற்றுக் கசப்பான சொற்களைச் சொல்ல வேண்டியவராகின்றோம்.

யாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு; பெயரும் தெருவும் வேண்டா. பாட்டன் கட்டிய ஓட்டுவீடு. பட்டா இன்றளவும் பாட்டன் பெயரிலேயே. மக்கள் மூவர், மூத்தோர் இருவர் வேறிடங்களில் வீடு கட்டிச் சென்றனர். இளையவர் இறந்தபின் அவர் மனைவி இரு பெண் மக்களோடு அவ்வீட்டில் வாழ்ந்தார். வெள்ளத்தில் பின்சுவர் சரிந்து ஓடுகள் வீழ்ந்தன. கணக்கெடுக்க வந்தவர் வினவிய முதல் வினா, 'வீடு யார் பெயரில்?' என்பதே. பெயருக்குரியவர் இறந்து முப்பது ஆண்டு. வாரிசுச் சான்று இல்லை, உட்பிரிவு இல்லை, வீட்டுவரி ரசீதும் பாட்டன் பெயரிலேயே. மூத்தோர் இருவரும் ஒப்பமிட்டுத் தந்தால் போதும் என்று வழி கூறப்பட்டது. ஒப்பமிட்டால் நாளை மனையும் அவளுக்கே போய்விடுமோ என்று அஞ்சி, அவர்கள் 'பார்ப்போம், பார்ப்போம்' என்றே இரண்டு மழைக்காலம் கடத்தினர். குடும்ப அட்டைக்கு வந்த தொகை வந்தது. சுவருக்கு வரவேண்டியது வரவேயில்லை. அப்பெண் தார்ப்பாயைச் சுவராகக் கட்டி வாழ்ந்தார்.

இதில் குற்றம் யாருடையது? மழையினுடையதா? அரசாங்கத்தினுடையதா? விதியைத் தளர்த்தியிருக்கலாம் என்பது மெய்யே. ஆயினும் அண்ணன்மார் இருவர் ஒரு கையெழுத்திட்டிருந்தால் அவ்விதியே உதவியாக மாறியிருக்கும். வெள்ளம் பின்சுவரைத்தான் தள்ளிற்று. அதனை எழவொட்டாமல் செய்தவர்கள் உறவினரே. இது நம்முள் ஒரு குடும்பத்தின் கதையன்று. நத்தத்திலும் மனைப்பட்டாவிலும் இறந்தார் பெயர் மாறாது கிடக்கும் வீடுகள் எத்தனை என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

பெண் மக்களுக்குரிய பங்கைப் பற்றியும் ஒரு சொல். 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் இந்தியா முழுமையிலும் மகளுக்கும் மகனோடு ஒத்த பிறப்புரிமை சட்டத்தால் நாட்டப்பட்டது. 'கொடுத்தால் பகை வரும்' என்று அதனை ஒதுக்கிவைப்போர், பட்டாவைப் பிரிக்காமலே விட்டுவிடுகின்றனர். பிரிக்காத பட்டா, இடர் வரும் நாளில் யாருக்கும் பயன்படாத பட்டா. தங்கைக்குக் கொடாது காத்ததாக எண்ணிய சொத்து, தனக்கும் உதவாது கிடப்பதைக் காண்பீர்கள்.

பட்டாவே இல்லாதவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2024-இல் அறிவிக்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லத் திட்டம், 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளை உறுதியான வீடுகளாக்குவதென்றும், 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் தருவதென்றும் வகுக்கப்பட்டது. நன்று. ஆயினும் அதுவும் சொந்த மனையில் குடிசை உடையார்க்கே உரியது. புறம்போக்கில் வாழ்வார்க்கு இல்லை. நம்மைப் போலச் சென்னையைச் சூழ்ந்த ஊர்களிலோ, 1962 முதல் 'பெல்ட் ஏரியா' என்னும் தடையால், ஆட்சேபணையற்ற புறம்போக்கிற்கும் பட்டா வழங்கப்படாதிருந்தது. 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை அத்தடையை நெகிழ்த்தி, இப்பகுதிகளில் 29,187 பேரையும், பிற நகர்ப்பகுதிகளைச் சேர்த்து மொத்தம் 86,000-க்கு மேற்பட்டோரையும் பட்டாவுக்கு உரியராக்க ஒப்புதல் அளித்தது. நீர்நிலைகளில் உள்ளவை இதில் அடங்கா. எனவே, தகுதியுடையோர் எவரேனும் விண்ணப்பிக்காது இருந்தால், அவரைக் கைபிடித்து வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அழைத்துச் செல்வது நம் இளைஞர் கடமை.

'அரசாங்கத்தாரிடம் கையேந்துவது நம் மரபுக்கு இழுக்கன்றோ?' என்று வினவும் பெரியோரும் நம்மிடை உண்டு. அவர்தம் மானவுணர்ச்சியை யாம் மதிக்கின்றோம். எனினும் வெள்ள உதவி பிச்சையன்று. நாம் செலுத்தும் வரியினின்றும் திரட்டப்பெற்று, சட்டத்தால் நிறுவப்பெற்ற நிதி அது. பண்டு ஊரார் கூடி ஏரிக்கரையை அடைத்ததும், தீப்பட்ட வீட்டுக்கு ஆளுக்கொரு கட்டு ஓலை கொடுத்ததும் எவ்வறமோ, அவ்வறமே இன்று விரிந்த உருவில் நிதியாக நிற்கின்றது. இல்லாதான் அதனைப் பெறுதல் இழுக்கன்று. உள்ளவன் இல்லாதான்போல் நடித்துப் பெறுதலே இழுக்கு. பொய்யுரைத்து உதவி பெறுவார்க்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டம் விதிக்க மேற்சொன்ன சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கின்றது. சட்டம் தண்டிக்குமுன் நம் மனச்சான்று தண்டிக்கட்டும். மாடிவீட்டில் கால் நனையாது இருந்தவர், குடிசைக்காரனுக்கு முன்னே வரிசையில் நிற்றல் நம் சங்கத்திற்கு அழகன்று.

அதே சட்டத்தின் 61-ஆம் பிரிவு மற்றொன்றும் கூறுகின்றது. இடர்ப்பட்டார்க்கு ஈடும் நிவாரணமும் வழங்குங்கால் ஆண் பெண் என்றோ, சாதி, சமூகம், குடிவழி, மதம் என்றோ வேற்றுமை பாராட்டலாகாது என்பது அதன் பொருள். இஃது அரசாங்க அலுவலர்க்கு மட்டும் சொன்னதென்று நாம் வாளாவிருத்தல் தகாது. ஆழிப்பேரலைக்குப் பின்னர், சில முகாம்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் உணவு வரிசையிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் ஒதுக்கப்பட்டனர் என்னும் செய்தி பதிவாகி நம்மைத் தலைகுனியச் செய்தது. கடல் எல்லாரையும் ஒன்றாக அடித்துச் சென்றது; கரையேறியவுடன் மனிதர் மீண்டும் கோடு கிழித்தனர்! நாம் ஒரு சமூகத்தார் கூடிய சங்கத்தார். நம்மவரைப் பேணுதற்கென்றே கூடினோம் என்பது உண்மை. ஆயினும் வெள்ளக் காலத்தில் நம் சங்கக் கட்டடத்தின் கதவு, வந்தவர் யார் என்று வினவாது திறத்தல் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாது வருவார் எவராயினும், அவர்க்கு எழுதிக் கொடுக்கும் கை நம் கையாதல் வேண்டும். இத்தீர்மானத்தை இன்றே நிறைவேற்றுமாறு அவைத்தலைவரை வேண்டிக்கொள்கின்றோம்.

இனி, ஒவ்வொரு குடும்பமும் மழைக்கு முன் செய்து முடிக்கவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, வீட்டின் பட்டா யார் பெயரில் உள்ளதென்று பாருங்கள். இறந்தார் பெயரில் இருப்பின் வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றுங்கள். பங்காளிகள் இருப்பின் உடன்பட்டு உட்பிரிவு செய்யுங்கள். இயலுமாயின் கணவன் மனைவி இருவர் பெயரையும் சேருங்கள். இரண்டாவது, வீட்டுவரி ரசீதும் மின்னிணைப்பும் வாழ்வோர் பெயரில் உள்ளனவா என்று பாருங்கள். மூன்றாவது, குடும்ப அட்டையில் முகவரியும் உறுப்பினர் பெயரும் சரியாக உள்ளனவா, வங்கிக் கணக்கு உயிரோடு உள்ளதா என்று பாருங்கள். நான்காவது, இவையனைத்துக்கும் படியெடுத்து, ஒன்றை நீர் புகாத பையிலும், ஒன்றை வேற்றூர் உறவினரிடத்தும் வையுங்கள். கைப்பேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது, வீட்டின் முன்புறம், பின்புறம், உட்புறம் ஆகியவற்றை நல்ல நாளிலேயே படம் எடுத்து வையுங்கள். இடர் நேர்ந்தபின், இடிபாட்டை அகற்றுமுன் மீண்டும் படம் எடுங்கள். முன்னிருந்த நிலை இது, பின்னாய நிலை இது என்று காட்டுவதற்கு அதனினும் நல்ல சான்றில்லை.

வாடகை வீட்டில் வாழ்வார் பலர் நம் ஊரில் உண்டு. சுவருக்குரிய உதவி வீட்டுக்குடையவர்க்கே செல்லும். ஆயினும் துணிமணி, பாத்திரபண்டங்களுக்கு உரியது குடியிருந்தார்க்கு உரியதேயாகும். குடியிருப்பை மெய்ப்பிக்க வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வீட்டுக்குடையவர் மறுத்தல் கூடாது. நம் சங்கத்தில் வீடு உடையவரும் உளர், வாடகைக்கு இருப்பவரும் உளர். ஒரு தாளில் இரு கையெழுத்து, இருவர்க்கும் நன்மை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவுக்கு நாம் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு, ஆண்டுக்கு இருமுறை 'தாள் சீர்செய்யும் நாள்' ஒன்று நடத்துவோமாக. ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், வழக்கறிஞர், கணினி அறிந்த மாணவர் ஆகியோர் ஒருங்கிருந்து, வருவோர்க்கு விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். பங்காளி வழக்குடைய குடும்பங்களை நம் பெரியோர் அழைத்துப் பேசி, கையெழுத்துப் பெற்றுத் தரட்டும். அத்தகைய ஒரு கையெழுத்து பெற்றுத் தருவது ஒரு வீட்டைக் கட்டித் தருவதற்கு ஒப்பாகும். யாம் எழுத்தறிவிக்கும் தொழிலினேம். அந்நாளில் எம் மாணவர் சிலரோடு வந்து எழுதித் தருவதற்கு இப்போதே உறுதி கூறுகின்றோம்.

கூவம் மீண்டும் பெருகும். வானத்தை நாம் தடுத்தல் இயலாது. வாய்க்கால் தூர் அகற்றப்படவும், ஏரிக்கரை காக்கப்படவும் இடையறாது வேண்டுகோள் விடுப்போம். அதனோடு நம் வீட்டுப் பேழையில் உள்ள தாளையும் திறந்து பார்ப்போம். பாட்டன் பெயரிலுள்ள பட்டாவைப் பேரப்பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவது பாட்டனை மறப்பதாகாது. அவர் கட்டிய வீடு அழியாது நிற்கச் செய்வதேயாகும். இங்கே அமர்ந்திருக்கும் அண்ணன்மார்க்கு எம் இறுதி வேண்டுகோள் ஒன்றே: தங்கைக்கும், இறந்த தம்பியின் மனைவிக்கும் இட வேண்டிய கையெழுத்து ஒன்று நிலுவையில் இருக்குமாயின், அடுத்த மழைக்கு முன் அதனை இட்டுவிடுங்கள்.